திறக்கப் போவதில்லை என்றால் இணைப்பை ஏன் கேட்கிறீர்கள்?

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் பட்டதாரிகளையும் டிப்ளோமா முடித்தவர்களையும் வேலைக்கு எடுக்கும் நிறுவனங்களின் மனிதவள முகாமையாளர்களுக்கும் நேர்முகக் குழு உறுப்பினர்களுக்கும்,

உங்கள் பயிலுநர் விளம்பரங்களில் அண்மைக் காலமாக ஒரு வரி நிரந்தர இடம் பிடித்துவிட்டது: மின்கோப்பு இணைப்புக் கட்டாயம், இணைப்பில்லாத விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படும். மின்கோப்பு என்பது மாணவர் தான் செய்த வேலைகளை எழுத்தும் படமும் காணொளியுமாக இணையத்தில் திரட்டி வைக்கும் தொகுப்பு. கூகுள் படிவத்தில் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் இருக்கும். எதையாவது இடாமல் விண்ணப்பதாரர் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. இட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் இந்த மடலுக்குக் காரணம்.

நாங்கள் மாணவர்களுக்கு மின்கோப்புத் தயாரிக்கக் கற்பிப்பவர்கள், அதை மதிப்பிடுபவர்கள், அது இருக்கும் சேர்வரைப் பேணுபவர்கள். எங்கள் மாணவர்கள் பலர் மஹாராவில் கோப்பு வைத்திருக்கிறார்கள். 2006இல் நியூசிலாந்தில் தொடங்கப்பட்ட கட்டணமில்லாத திறந்த மூல மென்பொருள் அது. இணையவழிக் கற்றல் தளமான மூடிலுடன் சேர்ந்து இயங்கும். அதில் ஒரே பக்கத்துக்குப் பல இரகசிய இணைப்புகளை உருவாக்கலாம். ஒரு நிறுவனத்துக்கு ஓர் இணைப்பு என்று கொடுக்கப் பழக்கியிருக்கிறோம். ஒரு விண்ணப்பம் முடிந்ததும் அந்த ஓர் இணைப்பை மட்டும் மூடிவிடலாம் என்பதே நோக்கம். எந்த இணைப்புத் திறக்கப்பட்டது, எது அப்படியே கிடக்கிறது என்பதும் இதனால் சேர்வர் பதிவேட்டில் தெரிந்துவிடுகிறது. மின்னஞ்சல் பாதுகாப்பு மென்பொருள் தானாகத் தொட்டுப் பார்த்த வருகைகளையும் வாட்ஸ்அப் முன்தோற்றம் எடுக்க வந்த வருகைகளையும் கழித்துவிட்டோம். மிஞ்சியதைப் பார்த்தால், கட்டாயம் என்று கேட்டு வாங்கிய இணைப்புகளில் பெரும்பாலானவற்றை மனிதர் எவரும் திறக்கவில்லை. திறக்கப்பட்டவற்றிலும் பல முதற்பக்கத்தோடு நின்றுவிட்டன.

நேர்முகத்தில் நடப்பதை மாணவர்கள் வந்து சொல்கிறார்கள். உயர்தரத்தில் இசட் புள்ளி எவ்வளவு, எந்தப் பள்ளிக்கூடம், சொந்த இடம் எது, கொழும்பில் போட்டால் போவீர்களா. பிறகு பிளாஸ்ரிக் உறை போட்ட சான்றிதழ்க் கோப்பு மேசையில் ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகும். மின்கோப்பைப் பற்றி ஒரு கேள்வியும் வராது. சமாதான நீதவான் ஒப்பமிட்ட பிரதியும் உறவினரல்லாத இருவரின் பெயரும்தான் கடைசியில் முடிவைத் தீர்மானிக்கின்றன என்றால், அவற்றை மட்டும் கேட்டிருக்கலாம்.

ஏனென்றால் அந்த இணைப்புக்குப் பின்னால் வேலை இருக்கிறது. ஒரு சான்றை, அதாவது செய்த ஒரு வேலையை, அதன் நோக்கம், செய்முறை, பிழைத்த இடம், பெறுபேறு என்று ஒழுங்காக எழுதி, படம் சேர்த்து, காணொளி எடுத்து முடிக்க இறுதியாண்டு மாணவர் ஒருவருக்கு ஆறு முதல் எட்டு மணித்தியாலம் வரை பிடிக்கும். மூன்று சான்றென்றால் ஒரு முழு வாரத்தின் ஓய்வு நேரம். செயற்றிட்ட அறிக்கையும் பரீட்சையும் நெருங்கும் காலத்தில்தான் உங்கள் விளம்பரங்களும் வருகின்றன.

அமெரிக்கக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்களின் சங்கம் ஒன்று 2013இல் வெளியிட்ட தொழில்தருநர் கருத்தாய்வில் ஐந்து பேரில் நால்வர், இத்தகைய கோப்பு ஆட்களைத் தெரிவு செய்ய உதவும் என்று சொன்னார்கள். பயன்படும் என்று சொல்லச் செலவில்லை. பயன்படுத்துவதற்கு ஒரு முறை வேண்டும், கொஞ்ச நேரமும் வேண்டும். அந்த முறையைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்தோம்.

நேரமில்லை என்பதே நாங்கள் அதிகம் கேட்கும் பதில். கணக்குப் பார்ப்போம். ஒரு பதவிக்கு 60 விண்ணப்பங்கள் வருகின்றன என்று வையுங்கள். அறுபதையும் திறக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அடிப்படைத் தகைமையை வைத்து 12 பேராகக் குறைத்த பிறகு திறந்தால் போதும். ஒரு கோப்புக்குப் பத்து நிமிடம், இருவர் தனித்தனியே பார்ப்பது என்றால் மொத்தம் நான்கு மணித்தியாலம். அதே 12 பேரையும் மூவர் கொண்ட குழு தலா அரை மணித்தியாலம் நேர்முகம் கண்டால் 18 மணித்தியால உழைப்புப் போகும். கோப்பைப் பார்த்துவிட்டு ஐந்து பேரை மட்டும் அழைத்தால் நேர்முகம் ஏழரை மணித்தியாலத்தில் முடியும். வாசித்த நேரத்தைக் கூட்டினாலும் பதினொன்றரைதான். மன்னாரிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் விடிய பஸ் ஏறி வரும் ஏழு பேருக்கு அந்தப் பயணமும் மிச்சம்.

பத்து நிமிடத்தில் எதைப் பார்ப்பது? மூன்று சான்றுகளுக்கு மேல் பார்க்க வேண்டாம். எந்த மூன்று என்பதை விண்ணப்பதாரரே குறிக்கட்டும். தன் வேலையில் எது நல்லதென்று தெரிந்தெடுப்பதும் ஒரு திறமைதான். ஒவ்வொரு சான்றிலும் நான்கு கேள்விகள். தீர்க்க வேண்டிய பிரச்சினை என்னவென்று விளங்குகிறதா? அதில் இவர் தன் கையால் செய்தது எது? எங்கே பிழைத்தது, எப்படித் திருத்தினார்? வேலை சரியாக நடக்கிறது என்பதற்கு என்ன ஆதாரம்? ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. ஒரு சான்றுக்கு 12, மூன்றுக்கும் 36. பார்த்த இருவரின் மொத்தங்களும் 6க்கு மேல் விலகினால் மட்டும் இருந்து பேசுங்கள். இல்லாவிட்டால் சராசரியை எடுத்துக்கொண்டு போங்கள்.

நான்கில் மூன்றாவது கேள்விதான் ஆளுக்கு ஆள் வேறுபாட்டைக் காட்டும். முதலிரண்டு கேள்விகளுக்கும் நன்றாக எழுதத் தெரிந்தவர் யாரும் மூன்று புள்ளி வாங்கிவிடலாம். பிழைத்ததை எழுதுவதற்கு வேலையைச் செய்திருக்க வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு இது இலகுவில் வராது. தோல்வியை எழுதினால் புள்ளி குறையும் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே பழகி வந்தவர்கள். நீங்கள் அதைத் தேடுகிறீர்கள் என்று தெரிந்தால் எழுதத் தொடங்குவார்கள்.

மென்பொருள் வேலைக்கு ஆள் எடுப்பவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம், உங்களிடமிருந்துதான் இணைப்புக் கேட்பது அதிகம். நூலக முகாமைத்துவம், விடுதி அறை ஒதுக்கீடு, மாணவர் வரவுப் பதிவு: இந்த மூன்றில் ஒன்றாவது இல்லாத கோப்பை இங்கே காண்பது அரிது. தலைப்பைக் கண்டு அலுத்துக்கொள்ளாமல் உள்ளே போங்கள். நிரலை வைத்திருக்கும் கிற்ஹப் தளத்தில் அந்தச் செயற்றிட்டக் களஞ்சியத்தின் அறிமுகக் கோப்பை முதலில் வாசியுங்கள். புதுக் கணினி ஒன்றில் இதை இயக்க என்ன நிறுவ வேண்டும், எந்தப் பதிப்பு, தரவுத்தளத்தின் மாதிரி எங்கே இருக்கிறது என்பவை அதில் இல்லாவிட்டால், எழுதியவர் தன் மடிக்கணினிக்கு வெளியே அதை இயக்கிப் பார்க்கவில்லை என்று கொள்ளலாம். அடுத்தது பதிவு வரலாறு, அதாவது நிரலில் செய்த ஒவ்வொரு மாற்றமும் ஒரு சிறு செய்தியோடு சேமிக்கப்பட்ட வரிசை. எத்தனை பதிவுகள் என்று எண்ணாதீர்கள், எண்ணிக்கையை யாரும் பெருக்கலாம். செய்திகளை வாசியுங்கள். "மாற்றம்", "மாற்றம் 2", "கடைசி", "உண்மையான கடைசி" என்று போகும் வரலாறு ஒரு கதை சொல்லும். திகதி தாண்டினால் தண்டப்பணம் மறை எண்ணாக வந்ததைத் திருத்தியது என்று ஒரு பதிவு இருந்தால் அதைத் திறந்து, முன்பிருந்த வரிகளையும் பின்பு வந்த வரிகளையும் பாருங்கள். இரண்டு நிமிடம் போதும். ஆளின் வேலை முறை தெரிந்துவிடும். கடைசியாக, அமைப்புக் கோப்பில் தரவுத்தளக் கடவுச்சொல்லோ கட்டணச் சேவைக்குள் நுழையும் இரகசியச் சாவியோ திறந்தபடி கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் நிராகரிக்க வேண்டாம், நேர்முகத்தில் அதைப் பற்றிக் கேளுங்கள். அழித்துவிட்டேன் என்று சொல்பவர், பழைய பதிவுகளில் அது இன்னும் இருக்கும் என்பதை அறியவில்லை. சாவியையே மாற்றிவிட்டேன் என்று சொல்பவரை எடுங்கள்.

முழு வேலையும் ஒரே இரவில் ஒரே பதிவாக ஏற்றப்பட்டிருந்தால் சந்தேகம் வருவது நியாயம். ஆனால் அதற்கு வேறு காரணங்களும் உண்டு. நால்வர் குழுவில் ஒருவரிடம் மட்டும் மடிக்கணினி இருக்கும், மற்ற மூவரும் ஆய்வுகூடக் கணினியில் செய்ததைப் பென் டிரைவில் கொண்டுவந்து கொடுப்பார்கள், பதிவெல்லாம் அந்த ஒருவரின் கணக்கில் விழும். அதேபோல, இயங்கும் தளத்தின் இணைப்புச் செத்துக் கிடந்தால் விண்ணப்பதாரர் பொய் சொல்கிறார் என்று முடிவெடுக்காதீர்கள். இணையச் செயலிகளை இயக்கிவைக்கும் ஹெரோக்கு தளம் தன் இலவசச் சேவையை 2022 நவம்பரில் நிறுத்தியபோது அதில் இருந்த மாணவர் செயற்றிட்டங்கள் ஒரே நாளில் இருண்டன. இப்போதுள்ள இலவசத் தளங்களிலும் பயன்பாடில்லாத செயலி தூங்கிவிடும், எழும்ப ஒரு நிமிடம் வரை எடுக்கும். பத்து வினாடியில் பக்கத்தை மூடிவிட்டால் நீங்கள் பார்த்தது தூக்கத்தை மட்டும்தான். ஒவ்வொரு செயற்றிட்டத்துக்கும் இரண்டு மூன்று நிமிடத் திரைப்பதிவு ஒன்றையும் சேர்க்கும்படி மாணவர்களுக்கு நாங்கள் சொல்வது இதனால்தான்.

மின்கோப்பு என்றால் கணினி படித்தவர்களின் விடயம் என்ற எண்ணம் உங்களில் பலருக்கு இருக்கிறது. மின் இணைப்பு வேலைக்குத் தேசிய தொழிற்தகைமை 4ஆம் மட்டம் முடித்தவரின் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மூடி பூட்டிய, பளபளக்கும் விநியோகப் பலகையின் படம் எதையும் சொல்லாது. மூடி திறந்த படம் வேண்டும்: கம்பிகள் நிறப்படி ஓடுகின்றனவா, திருகாணிக்கு வெளியே செப்பு தெரிகிறதா, ஒவ்வொரு முறிப்பானுக்கும் பெயர்த்துண்டு ஒட்டப்பட்டிருக்கிறதா என்பது அதில்தான் தெரியும். பக்கத்தில் அவரே வரைந்த சுற்று வரைபடம். அதன் கீழ் 500 வோல்ற்றில் எடுத்த காவலித் தடை (கம்பியின் உறை மின்கசிவைத் தடுக்கும் அளவு) வாசிப்பு, சுற்றுச் சுற்றாக. 1 மெகா ஓமுக்குக் கீழே ஒரு வாசிப்பு இருந்து, அது எந்தக் கம்பியில், ஏன் வந்தது, எப்படித் திருத்திய பிறகு எவ்வளவு ஏறியது என்று எழுதியிருந்தால் அந்த ஒரு பக்கம் போதும். 30 மில்லி அம்பியர் கசிவு முறிப்பானை அழுத்திப் பார்த்ததோடு நிறுத்தினாரா, கருவியால் சோதித்தாரா என்பதும் முக்கியம். இந்த விபரங்களை எந்தச் சான்றிதழும் தராது. பெறுபேற்றுத் தாளை மட்டும் பார்த்து இவரை எடுப்பது கூடையைப் பார்த்து மீனுக்கு விலை சொல்வது போன்றது. முறைசார் படிப்பில்லாமல் தொழில் பழகியவர், செய்த வேலையின் சான்றுகளைத் திரட்டிக் காட்டித் தகைமை பெறும் வழி இந்த நாட்டுத் தொழிற்தகைமை முறையில் ஏற்கெனவே இருக்கிறது. மதிப்பீட்டாளர் ஏற்கும் சான்றை வேலை கொடுப்பவர் திறந்துகூடப் பார்க்காதது எங்களுக்கு விளங்கவில்லை.

குழு வேலையில் ஒரு சிக்கல் உண்டு. சிலர் தன்னடக்கத்தில் எல்லாவற்றையும் "நாங்கள் செய்தோம்" என்று எழுதுவார்கள், வாசிப்பவருக்கு அவர் என்ன செய்தார் என்றே தெரியாது. வேறு சிலர் நால்வர் வேலையையும் "நான்" என்று எழுதுவார்கள். ஒரே செயற்றிட்டம் நான்கு விண்ணப்பங்களில் நான்கு "நான்" உடன் வருவதை நீங்களும் கண்டிருப்பீர்கள், திறந்திருந்தால். பங்களிப்பு அட்டவணை ஒன்றைக் கேளுங்கள்: பகுதி, செய்தவர், அதைக் காட்டும் பக்கம். மேற்பார்வையாளர் ஒப்பமிட்டுத் தருவதில் எங்களுக்குத் தடையில்லை.

செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்ததா என்ற கவலைக்கு, கண்டுபிடிக்கும் மென்பொருள்களை நம்ப வேண்டாம். தமிழில் அவை இன்னும் மோசம். நேர்முகத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, விண்ணப்பதாரரின் பக்கத்தை அவர் முன்னால் திரையில் திறவுங்கள். ஒரு முடிவைத் தொட்டுக் கேளுங்கள்: ஒரே புத்தகத்தை இருவர் ஒரே நேரத்தில் பதிவு செய்தால் உங்கள் நிரல் என்ன செய்யும்? இந்தக் காவலித் தடையை மழைக்காலத்தில் எடுத்திருந்தால் வாசிப்பு எப்படி மாறும்? செய்தவர் யோசிப்பார், தடுமாறுவார், ஆனால் பதில் வரும். செய்யாதவர் பக்கத்தில் எழுதியிருப்பதையே திரும்ப வாசிப்பார்.

இனி, திறக்க முயன்றும் முடியாமற்போகும் சந்தர்ப்பங்கள். முதலாவது, "அனுமதி தேவை" என்ற கூகுள் பக்கம். நிறுவனக் கணக்கில் செய்த தளமும் கோப்பும் பல இடங்களில் அந்த நிறுவனத்துக்குள் மட்டும் தெரியும்படி அமைக்கப்பட்டிருக்கும். மாணவர் தன் கணக்கிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும், உங்களுக்கு மட்டும் பூட்டுத் தெரியும். நீங்கள் அழுத்தும் அனுமதிக் கோரிக்கை அவரது பல்கலைக்கழக மின்னஞ்சலுக்குப் போகும். பட்டம் முடிந்தவருக்கு அந்த மின்னஞ்சலே இல்லாமலிருக்கலாம். எனவே விண்ணப்பத்தில் உள்ள தொலைபேசி எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பி இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள். யூரியூப்பில் பட்டியலிடாத காணொளி இணைப்பு உள்ள எவருக்கும் திறக்கும். தனிப்பட்டது என்று இட்டது திறக்காது. இரண்டையும் மாற்றி அழுத்தும் மாணவர்கள் நிறையப் பேர், எச்சரித்துக்கொண்டே இருக்கிறோம். உங்கள் பக்கத்திலும் பாருங்கள்: சில அலுவலக வலையமைப்புகள் யூரியூப், வடிவமைப்பாளர்கள் பயன்படுத்தும் பெஹான்ஸ், கூகுள் டிரைவ் எல்லாவற்றையும் தடுத்து வைத்திருக்கின்றன. அங்கிருந்து பார்த்தால் எந்தக் கோப்பும் வெறுமையாகத்தான் இருக்கும்.

படிவமும் சிக்கல்தான். கோப்பைப் பதிவேற்றச் சொல்லும் கூகுள் படிவம், நிரப்புபவர் கூகுள் கணக்கில் நுழைந்திருந்தால்தான் இயங்கும். இணைப்புக்கு ஒரே ஒரு கட்டம் மட்டும் வைத்தால், மருதனார்மடத்தில் இசையோ நடனமோ பயின்றவர் தன் மூன்று காணொளிகளில் எதை இடுவார்? கைத்தொலைபேசிப் படம் ஒன்று நான்கைந்து மெகாபைற் வரும். இருபது படம் என்றால் 100 மெகாபைற். 1600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினால் ஒரு படம் 400 கிலோபைற்றுக்குள் அடங்கும், நெடுந்தீவில் கைத்தொலைபேசித் தரவில் இருப்பவராலும் ஏற்ற முடியும். படிவத்தின் மேலேயே இந்த அளவுகளை எழுதிவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

தமிழில் எழுதிய கோப்புகளுக்கு வேறொரு சங்கடம். யாழ்ப்பாணத்தில் பாமினி எழுத்துரு இன்னும் வழக்கில் இருக்கிறது. அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்துக் காட்டுவது. கண்ணுக்குத் தமிழ், கணினிக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். விண்ணப்பங்களைச் சலிக்கும் மென்பொருளில் அப்படியொரு பிடிஎப் விழுந்தால், தேடும் சொல் எதுவும் அகப்படாது; கோப்பு வெறுமை என்று ஒதுக்கப்படும். ஒரு வரியைப் பிரதி எடுத்து நோட்பாட்டில் ஒட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். யுனிக்கோட்டில் எழுதியவையும் பிடிஎப்பாக மாறும்போது சில வேளைகளில் கொம்பும் காலும் இடம் மாறும். தமிழ்ச் சான்றுகளை இணையப் பக்கமாக வாசிப்பதே பாதுகாப்பு. சலிப்பு மென்பொருள் வெறுமை என்று சொல்லும் தமிழ்க் கோப்பை மனிதர் ஒருவர் ஒரு தடவை திறந்து பார்ப்பதைக் கட்டாயமாக்குங்கள். தமிழ் பேசும் வாடிக்கையாளரோடு வேலை செய்யப் போகிறவரிடம், எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதும்படி கேட்பதும் பொருத்தமில்லை. நூறு சொல்லில் ஆங்கிலச் சுருக்கம் கேளுங்கள், மீதி தமிழில் இருக்கட்டும்.

இதுவரை சொன்னவை வசதி பற்றியவை. நியாயம் பற்றியும் சொல்ல வேண்டும். மின்கோப்பின் முதற்பக்கத்தில் படம் இருக்கும், ஊர் இருக்கும், பள்ளிக்கூடம் இருக்கும். திறந்தவர்கள் முதற்பக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள் என்று மேலே எழுதினோம். அவர்கள் பார்த்தது அந்த மூன்றையும்தான். ஊரின் பெயரைக் கேட்டவுடன் இங்கே மனதில் ஓடும் கணக்கு என்னவென்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆகவே, அலுவலக உதவியாளர் ஒருவர் மூன்று சான்றுகளின் இணைப்பையும் விண்ணப்ப இலக்கத்தையும் மட்டும் ஒரு தாளில் இட்டு மதிப்பிடுபவருக்குக் கொடுக்கட்டும். புள்ளியிட்டு முடித்த பிறகு பெயரைப் பாருங்கள். அழகுக்குப் புள்ளி கொடுப்பதும் வடிவமைப்பு வேலைக்கு மட்டும் இருக்கட்டும். நல்ல கமராவும் மடிக்கணினியும் உள்ள வீட்டுப் பிள்ளையின் பக்கம் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

அரச வேலைகளுக்கான வர்த்தமானி அறிவித்தல்களில் நேர்முகத்துக்குரிய புள்ளித்திட்டம் பல தடவை அச்சாகியே வருகிறது. அதைப் பற்றிய முறைப்பாடுகள் இருந்தாலும், எதற்கு எத்தனை புள்ளி என்பது விண்ணப்பிக்க முன்னரே தெரியும். உங்களில் எவருடைய விளம்பரத்திலும் மின்கோப்புக்கு எத்தனை புள்ளி என்று நாங்கள் இதுவரை காணவில்லை.

வாங்கிய கோப்புகள் எங்கே போகின்றன என்பதும் கேள்விதான். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு நோக்கத்துக்காகப் பெற்ற தரவை அந்த நோக்கத்துக்கே பயன்படுத்த வேண்டும், தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற கோட்பாடுகளைக் கொண்டது. விண்ணப்பதாரரின் பக்கத்தைத் திரைப்பிரதி எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதும், "உங்களுக்கு ஆள் தேவையென்றால் பாருங்கள்" என்று இணைப்பை வேறொரு நிறுவனத்துக்கு அனுப்புவதும் அந்த நோக்கத்துக்குள் அடங்கா. மாணவர் தரப்பிலும் கவனம் வேண்டியிருக்கிறது. கற்பித்தல் பயிற்சியின்போது எடுத்த வகுப்பறைப் படங்களில் சிறுபிள்ளைகளின் முகம் இருக்கும். வீட்டில் எடுத்த படத்துக்குள் வீட்டின் அமைவிடம் பதிந்திருக்கும். முகத்தை மறைக்கவும் அமைவிடத் தரவை நீக்கவும் கற்பிக்கிறோம். பயிற்சி பெற்ற நிறுவனத்தின் தரவை மறைத்துக் காட்டும் மாணவரிடம், முழுவதையும் காட்டினால்தான் நம்புவோம் என்று கேட்காதீர்கள். இன்று மற்றவரின் இரகசியத்தை உங்களுக்குக் காட்டுபவர் நாளை உங்களுடையதையும் காட்டுவார். கூடவே, வடிவமைப்பாளர்களிடம் "ஒரு மாதிரிக்கு" என்று உங்கள் நிறுவனத்துக்கே சின்னம் வரையச் சொல்வது கோப்பு மதிப்பீடல்ல. அதற்குக் கூலி உண்டு.

கல்வி நிறுவன நிர்வாகங்களும் இதை வாசிக்கும் என்று நம்புகிறோம். பட்டமளிப்பு முடிந்து சில மாதங்களில் மாணவர் கணக்கை மூடுகிறீர்கள், நான்கு வருடக் கோப்பு அதோடு போகிறது. சேமிப்பிடத்துக்கு எல்லை உண்டு என்பது எங்களுக்கும் தெரியும். கூகுள் தன் கல்விக் கணக்குகளுக்கு நிறுவனம் ஒன்றுக்குப் பொதுவாக 100 டெராபைற் என்று வரையறுத்த பிறகு இந்த நெருக்கடி கூடிவிட்டது. ஆனால் மூடுவதற்கு முன் மஹாராவிலிருந்து முழுக் கோப்பையும் இணையப் பக்கத் தொகுப்பாக இறக்கிக் கொடுக்கலாம். எந்த உலாவியிலும் திறக்கும். கூகுள் கணக்கில் உள்ளதைத் தனிப்பட்ட கணக்குக்கு மாற்றும் வசதியைத் திறந்துவிடலாம். பட்டம் பெற்று 18 மாதம் வரை வாசிப்பதற்கு மட்டுமாவது பக்கங்கள் உயிரோடிருக்க வேண்டும். இங்கே முதல் வேலை கிடைக்க அவ்வளவு காலம் போகிறது.

நிறுவனங்களாகிய உங்களிடம் நாங்கள் கேட்பவை இவை. அடுத்த விளம்பரத்தில் மின்கோப்பு கட்டாயம் என்று எழுதுவீர்களானால், அதற்குரிய புள்ளிகளையும் கேள்விகளையும் அதே விளம்பரத்தில் வெளியிடுங்கள். வெளியிட முடியாவிட்டால் சிவப்பு நட்சத்திரத்தை எடுத்துவிட்டு, விரும்பினால் இணைக்கலாம் என்று மாற்றுங்கள். குறும்பட்டியலில் உள்ள ஒவ்வொருவரின் மூன்று சான்றுகளையும் நேர்முகத்துக்கு முன் இருவர், பெயரும் படமும் ஊரும் தெரியாமல் மதிப்பிட வேண்டும். திறக்காத இணைப்புக்குப் பூச்சியம் இடாமல் விண்ணப்பதாரருக்கு அறிவித்து 48 மணித்தியாலம் கொடுக்க வேண்டும். நேர்முகத்தில் ஐந்து நிமிடமாவது கோப்பிலிருந்தே கேள்வி வரவேண்டும். தெரிவாகாதவரின் கோப்புப் பிரதிகளை ஆறு மாதத்தில் அழித்துவிட்டு, அழித்ததை ஒரு வரி மின்னஞ்சலில் அறிவியுங்கள்.

நிராகரிக்கப்பட்டவருக்கு நான்கு கேள்விகளுக்கும் கிடைத்த புள்ளிகளை அனுப்பினால் இன்னும் நல்லது. அது மட்டும் கட்டாயமில்லை, வேண்டுகோள்.

மதிப்பீட்டுப் படிவம் ஒரு பக்கத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எங்களிடம் தயாராக இருக்கிறது. உங்கள் நேர்முகக் குழுவுக்கு அரை நாள் செயலமர்வு ஒன்றைக் கட்டணமின்றி நடத்தித் தருவோம். பெயர் நீக்கிய பத்துக் கோப்புகளை வைத்துக்கொண்டு நீங்களே புள்ளியிட்டுப் பார்க்கலாம். அடுத்த ஆட்சேர்ப்பு விளம்பரத்தை வெளியிட முன், படிவத்தை ஏற்கிறீர்களா, திருத்துகிறீர்களா, அல்லது மின்கோப்புக் கேட்பதையே கைவிடுகிறீர்களா என்பதை உங்கள் மாணவர் இணைப்பாளர் ஊடாக எழுத்தில் தெரிவியுங்கள். வரும் பதிலை, எந்த நிறுவனத்துடையது என்ற குறிப்போடு, இறுதியாண்டு மாணவர்கள் விண்ணப்பிக்க முன் அவர்களுக்கு அறிவிப்போம். பதில் வராவிட்டால் அதையும் அறிவிப்போம்.

இப்படிக்கு,
மாணவர் மின்கோப்புகளைக் கற்பிக்கும், மதிப்பிடும், பேணும் விரிவுரையாளர்களும் போதனாசிரியர்களும் கணினிப் பிரிவு அலுவலர்களும்
யாழ்ப்பாணம்